வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது? வடசென்னை இன்சூரன்ஸ் முகவர்களுக்கு ஒரு மெக்கானிக்கின் மடல்

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் கார் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மூலக்கடையிலிருந்து கொடுங்கையூர் போகிற வழியில், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே என் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அதே இடம். உங்களில் பலருக்கு என் முகம் பழக்கம். பாலிசி விட்டுப்போன வண்டியைப் படம் பிடிக்க வருவீர்கள், நின்றபடியே டீ குடிப்பீர்கள், அடுத்த வண்டியைப் பார்க்க ஓடுவீர்கள். என்னிடம் வருகிற கார்களில் முக்கால்வாசி பத்து வயது தாண்டியவை. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா, ஆம்னி. கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு வந்து வெகுநாள் ஆனவை. அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் காகிதம் போட்டுக் கொடுப்பது நீங்கள். அவர்களையும் உங்களையும் எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி பிறந்தால் மழை. அதிலிருந்து மார்கழி வரை என் பட்டறையில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். தண்ணீர் குடித்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். பின்னாலேயே சொந்தக்காரர் பிளாஸ்டிக் உறைக்குள் பாலிசித் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவார். "இதுல கிடைக்குமாண்ணே?" என்று நீட்டுவார். படித்துப் பார்த்து "கிடைக்காது" என்று சொல்லும் வேலை எனக்கு. அதைச் சொல்லும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்ற நாட்கள் அதிகம்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பெயர் வேண்டாம். கொடுங்கையூரில் சொந்த வீடு, கீழ்த்தளம். 2011-இல் வாங்கிய சின்ன கார். அவர் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்தக் கார் ஓடியது அதற்காக மட்டும்தான். வாங்கிய நாளிலிருந்து, தன் வண்டிக்கு வரும் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டியவர், ஒருமுறைகூட கிளைம் வாங்கியதில்லை. 2022-இல் அவருடைய முகவர், "சார், வண்டி பத்து வருஷம் தாண்டிடுச்சு, இனிமே தேர்ட் பார்ட்டி போதும், எதுக்கு வீணா கட்டுறீங்க?" என்று சொல்லியிருக்கிறார். அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் அந்தக் காகிதத்துக்குப் பெரியவர் ஒப்புக்கொண்டார். அந்த வருஷம் அவருக்கு மிச்சமானது மூவாயிரத்துச் சொச்சம். அடுத்த வருஷமும் அப்படியே புதுப்பித்தார்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை. காலையில் அவர் கதவைத் திறந்தபோது கார் டேஷ்போர்டு வரை தண்ணீருக்குள் நின்றது. இறங்க மூன்று நாள் ஆனது. வண்டி என்னிடம் வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, வயரிங் போய்விட்டது, சீட்டெல்லாம் சாக்கடை நாற்றம். நான் போட்ட எஸ்டிமேட் எண்பத்தைந்தாயிரம். அது அவருக்குப் பல மாத ஓய்வூதியம். வண்டியை முப்பத்தைந்தாயிரத்துக்குப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தார். அதன் பிறகு அந்த அம்மா ஆட்டோவில்தான் போய் வந்தார்.

அந்த முகவர் பொய் சொன்னவர் இல்லை. மோசடிக்காரர் இல்லை. பெரியவருக்கு நல்லது செய்வதாக நினைத்தே சொன்னார். ஃபுல் இன்சூரன்ஸிலிருந்து தேர்ட் பார்ட்டிக்கு மாற்றினால் முகவருக்கும் கமிஷன் குறையத்தான் செய்யும். அதையும் பார்க்காமல் சொன்னவர். அவர் கேட்டது வண்டியின் வயதை. கேட்க மறந்தது, அது ராத்திரி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை. உங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒன்றைத்தான். பழைய காருக்குக் காகிதம் போடும்முன் அது நிற்கும் தெருவைக் கேளுங்கள்.

"பத்து வருஷம் ஆனால் தேர்ட் பார்ட்டி" என்ற பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய வண்டியின் மதிப்பு குறைவு. தேய்மானத்துக்கென்று கழிவு பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி அதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. உதிரிப்பாகத்தில் பாதிக் காசுதான் வரும். மேட்டில், கேட் போட்ட குடியிருப்பில், கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரலாம். ஆனால் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கத்திலும் பக்கிங்காம் கால்வாய் பக்கத்திலும் வீட்டு வாசலில், ரோட்டோரமாய் நிற்கும் வண்டிக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவைக்க முடியாது. இங்கே விபத்து நடக்க வண்டி ஓட வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்திவைத்த இடத்திலேயே நடந்துவிடும்.

தேர்ட் பார்ட்டி என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது அதைத்தான். நம் வண்டியால் அடுத்தவருக்கு உயிரோ உடம்போ சேதமானால் அந்த இழப்பீட்டை அது கட்டும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. இது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இதன் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1-இல் அமலான அறிவிப்பின்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094, 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே விலை. "எங்க கம்பெனியில தேர்ட் பார்ட்டி சீப்" என்று யாரும் சொல்ல இடமில்லை. ஆனால் இதில் நம் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. வெள்ளம், தீ, திருட்டு, மரம் விழுவது, பின்னால் வந்து இடித்துவிட்டு ஓடிப்போன லாரி, இவை எல்லாம் ஓன் டேமேஜ், அதாவது ஃபுல் இன்சூரன்ஸில் நம் வண்டிச் சேதத்துக்கான பங்கில் வருபவை. "இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாதிப் பேருக்கு இது வண்டி மூழ்கிய பிறகுதான் தெரிகிறது.

என் பட்டறையில் ஒரு நீளநோட்டு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆரம்பித்தேன். தண்ணீரில் மாட்டி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நிறுத்தியிருந்த தெரு, தேதி, தண்ணீர் எதுவரை ஏறியது என்று எழுதிவைப்பேன். வீல் ஹப் (சக்கரத்தின் நடு), டோர் சில் (கதவின் கீழ்ப்படி), சீட், டேஷ்போர்டு என்று நாலு அளவு. வேலைக்காக ஆரம்பித்ததுதான், எதுவரை ஏறியது என்று தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்று தெரியும். வருஷங்கள் போகப் போக அந்த நோட்டு வேறொன்றையும் காட்டியது. அதே தெருக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எம்.கே.பி. நகரில், கொருக்குப்பேட்டையில், புளியந்தோப்பில், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை ஒட்டிய சந்துகளில், ஒரே தெருவிலேயே இந்தப் பக்க வீட்டு வண்டி சீட் வரை நனைந்திருக்கும், எதிர்ப்பக்கத்து வண்டிக்கு டயர் மட்டும் நனைந்திருக்கும். ரோடு போடப் போட மேடாகி, வீடெல்லாம் பள்ளமாகிப்போன தெருக்கள் நம்முடையவை. 2015-இல் தப்பித்த ஒரு தெரு 2023-இல் நோட்டில் ஏறியது என்றால், நடுவில் அங்கே மறுபடி ரோடு போட்டிருப்பார்கள். நான் போய்ப் பார்த்த வரையில் இது தவறியதில்லை.

வெள்ளம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கும் இடங்களில் ரோட்டோரம் வண்டி நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போவது, கதவு ஒடுங்குவது, பின் பக்கம் நசுங்குவது எல்லாம் மாதம் ஒன்றாவது வரும். இடித்த லாரி எது என்று ஒருபோதும் தெரியாது. அவர்களுக்கும் ஓன் டேமேஜ்தான் துணை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரம் விழுந்து கூரை ஒடுங்கிய வண்டி என்னிடம் மட்டும் நாலு வந்தது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்து வண்டிகளுக்கு வேறொரு கஷ்டம் உண்டு, உப்புக்காற்றில் அடிப்பாகம் துருப்பிடிப்பது. இது எந்தப் பாலிசியிலும் வராது, தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்னா எல்லாம் வரும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். துரு வராது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஐ.டி.வி. அதாவது வண்டிக்குப் பாலிசியில் ஒப்புக்கொள்ளும் மதிப்பு. பழைய காரில் பெரிய தப்பு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புது வண்டிக்கு ஐ.டி.வி. கணக்கு அட்டவணைப்படி. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்குள் 15, பிறகு 20, 30, 40 என்று ஏறி, நாலிலிருந்து ஐந்து வருஷத்துக்கு 50 சதவீதம். ஐந்து வருஷத்துக்கு மேல் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை என்றுதான் விதி. பேசி ஒப்புக்கொள்வது என்றால் இருவரும் பேச வேண்டும். நம் ஊரில் யார் பேசுகிறார்கள்? செல்போனில் வண்டி நம்பரைத் தட்டினால் ஒரு தொகை வருகிறது. அதைக் குறைத்தால் கட்டணம் குறைகிறது. இருநூறு ரூபாய் குறைந்தால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்று நீங்களும் குறைத்துவிடுகிறீர்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது வண்டியே முழுசாகப் போனதாகக் கணக்கு. தெருவில் ஒன்றரை லட்சத்துக்கு விலைபோகும் வண்டிக்கு எண்பதாயிரம் என்று எழுதினால், கழிவெல்லாம் போக அவர்கள் கணக்கில் அறுபதாயிரத்தைத் தாண்டும் எந்த வேலையும் அந்த வண்டியை முடித்துவிடும். திருவொற்றியூர் பக்கத்து ஆம்னிக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. வண்டியை நான் சரிசெய்து கொடுத்திருப்பேன், இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருக்கும். எண்பதாயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை விடுங்கள் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அந்தக் காசுக்கு அதேபோல வண்டி அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஒன்றரை லட்சம் என்று எழுதியிருந்தால் எல்லை 1,12,500-இல் போய் நின்றிருக்கும், வண்டியும் பிழைத்திருக்கும். அதற்கு அவர் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ஏற்றி எழுதவும் வேண்டாம். அதே மாடல், அதே வருஷம் இன்றைக்கு என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று என்னைப்போல ஒரு பட்டறைக்காரரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடம் சொல்லி, அவர் வாயால் "சரி" கேட்டு எழுதுங்கள்.

பாதிக் காசுதான் வரும் என்று சொன்னேனே, அதையும் ஒளிக்க வேண்டாம். பத்து வயது தாண்டிய வண்டியில் இரும்புப் பாகத்துக்குப் பாதி கழியும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு எந்த வயதிலும் பாதிதான். கண்ணாடிக்குக் கழிவில்லை. டிங்கரிங் கூலிக்குக் கழிவில்லை. பெயின்டிங் செலவில் கால்வாசியை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து. என் பட்டறையில் சாதாரணமாக வரும் ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். கதவு 9,000, பம்பர் 5,000, ஹெட்லைட் 4,000, கூலி 8,000, பெயின்டிங் 6,000. மொத்தம் 32,000. கதவுக்கு 4,500, பம்பருக்கு 2,500, ஹெட்லைட்டுக்கு 2,000, கூலி முழுசாக 8,000, பெயின்டிங்குக்கு 5,250. கூட்டி ஆயிரத்தைக் கழித்தால் கைக்கு 21,250 வரும். மூன்றில் இரண்டு பங்கு. பழைய வண்டியின் பில்லில் கூலிக்கும் பெரிய பங்கு இருக்கும் என்பதால் "பாதி கூட வராது" என்ற பயம் பல நேரம் உண்மையில்லை. நாங்கள் புதுக் கதவு வாங்காமல் ஒடுங்கியதைத் தட்டி நிமிர்த்தினால் இன்னும் நெருங்கி வரும்.

ஆனால் சின்ன பில்லுக்குக் கிளைம் போட வேண்டாம் என்று நான் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிளைம் போடாத வருஷங்களுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருஷத்திலிருந்து 50 சதவீதம். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யம். மறுபடி 50 வர ஐந்து வருஷம். தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் கட்டணம் 5,000 என்று வைத்தால், அந்த வருஷங்களில் இழக்கும் போனஸ் எல்லாம் சேர்த்து 6,250 ரூபாய். பம்பரும் கொஞ்சம் பெயின்டும் போன வண்டிக்கு ஐயாயிரம் ரூபாய் கிளைம் வாங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். இதை அவருக்கு விளக்க உங்களுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

மழைக்காலத்துக்கு முன் நீங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பக் கூடாது. நின்ற வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் அது வெள்ளச் சேதம், ஓன் டேமேஜில் வரும். ஏறிய தண்ணீரோடு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைக்கும், பிளாக்கையே உடைக்கும். அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். சாதாரணப் பாலிசியில் இதற்குப் பதில் இல்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் வசதி உண்டு. பழைய வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தராது, தருகிற கம்பெனி எது என்று தேடுவது உங்கள் வேலை. கிடைக்காவிட்டால் சாவியைத் தொடாமல் இருப்பதே அந்த வண்டிக்குப் பாதுகாப்பு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நாலு பேர் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளினால் போதும். தள்ளும் முன் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று நம்பர் பிளேட்டோடு ஒரு படம். மிக்ஜாமின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுக்குள்ளெல்லாம் படிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வண்டிகளில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் ஒருவர்கூடச் சாவியைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டார்கள், அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எல்லோருக்கும் ஃபுல் இன்சூரன்ஸைத் தலையில் கட்டுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரம்பூரில் ஒரு டீச்சரம்மா. பதினெட்டு வருஷத்து வண்டி, விற்றால் ஐம்பதாயிரம் தேறினால் அதிகம். அடுக்குமாடியில் ஸ்டில்ட் பார்க்கிங், அதுவும் மேட்டில். 2015-இலும் 2023-இலும் டயர்கூட நனையவில்லை. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் எடுப்பார். அவருக்கு ஒருவர் ஃபுல் இன்சூரன்ஸோடு ரோட்டில் நின்றால் உதவி, சாவி தொலைந்தால் காசு என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தேர்ட் பார்ட்டியும், ஓட்டுநரான உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் போதும். மீதியைப் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டால் அடுத்த கிளட்ச் பிளேட்டுக்கு ஆகும். வண்டி போனால் அவருக்கு வருத்தம்தான், வாழ்க்கை நின்றுவிடாது. துறைமுகத்துப் பெரியவருக்கு நின்றது. டீச்சரம்மா வண்டியைவிடப் பெரியவர் வண்டி இளையது என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. தெருவைக் கேட்ட பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இந்த வண்டி நாளைக்கு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவை உங்களுக்குத் தெரியும், அவசரத்தில் விட்டுப்போகின்றன. பழைய கார் கைமாறினால் பதினான்கு நாளைக்குள் பாலிசியை வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய முதலாளி பெயரிலேயே ஓடும் காகிதத்தில் ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. நோ கிளைம் போனஸ் விற்றவருடையது, வண்டியோடு வராது. கேஸ் கிட் போட்ட ஆம்னி என்றால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோக பாலிசியை வைத்துக்கொண்டு ஸ்கூல் பிள்ளைகளைக் காசுக்கு ஏற்றுபவர்களிடம் அது செல்லாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது அது. பதினைந்து வருஷம் முடியும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியை முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். பாலிசி முடிந்து தொண்ணூறு நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் எல்லாம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் முடியும் பாலிசிகளுக்கு புரட்டாசியிலேயே போன் போட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனாலும் வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் மறுபடி தருவார்கள், மழைக்கு நடுவில் அதற்கு யார் வருவார்?

இதையெல்லாம் ஏன் கம்பெனிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எழுதலாம்தான். ஆனால் செல்போன் செயலிக்கு வண்டியின் நம்பர் தெரியும், வருஷம் தெரியும், சென்னை என்பது தெரியும். சென்னைக்குள் எந்தத் தெரு, அந்தத் தெருவில் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதே தெருவில் குடியிருக்கிறீர்கள், அதே தண்ணீரில் நடந்து வந்திருக்கிறீர்கள். செல்போனிலேயே போட்டால் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று பையன்கள் சொல்லும் காலத்தில் உங்களை ஒருவர் தேடி வருகிறார் என்றால், அவர் நம்பி வருவது நீங்கள் அவருடைய தெருவை அறிந்தவர் என்பதைத்தான்.

கிளைம் வரும்போதும் கூட நில்லுங்கள். 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கிளைம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். வண்டி மூழ்கிய வீட்டில் அடுப்பும் மூழ்கியிருக்கும். அந்த நேரத்தில் இந்தத் தேதிகளை எண்ணிக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. நீங்கள் எண்ணுங்கள். கம்பெனி மறுத்துவிட்டால், எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். எங்கள் பக்கத்து ஜனங்களில் அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன். இதுவரை அதை வேலைக்கு மட்டும்தான் வைத்திருந்தேன். இனி உங்களுக்கும் சேர்த்து. பட்டறைக்கு வந்தால் மேசை மேலேயே இருக்கும். உங்கள் ஏரியா பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பர், பெயர் எதையும் அதில் எழுதவில்லை, தெருவும் தேதியும் தண்ணீர் அளவும் மட்டும்தான். உங்களுக்குத் தெரிந்த தெரு விட்டுப்போயிருந்தால் நீங்களே எழுதிவிட்டுப் போங்கள், பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சுவரில் நீலப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும், 2023 டிசம்பர் 4 அன்று தண்ணீர் நின்ற அளவு. என் இடுப்புக்கு மேல் வருகிறது. திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பது மணிக்குத் திறப்பேன், ஞாயிற்றுக்கிழமை அரை நாள்.

அன்புடன்,
எருக்கஞ்சேரி பக்கத்து மெக்கானிக் ஒருவன்